சுடலையில் இலுப்பை வைத்த பலவேசனார்

மருதக்கரை என்னும் ஊரில் பலவேசனார் என்றொரு அடியார் இருந்தார். மரம் அறுப்பது அவருடைய தொழில். மரம் அறுக்கும் மில் வராத காலம் அது. ஆளுயரத்துக்குப் பள்ளம் தோண்டி, அதன்மேல் குறுக்காக மரத்தைக் கிடத்தி, நீள வாளை மேலே ஒருவரும் கீழே ஒருவருமாகப் பிடித்து இழுப்பார்கள். மேலே நிற்பவனுக்குக் காற்று உண்டு, வெளிச்சம் உண்டு, கோடு பார்த்து அறுக்கிறவன் என்ற மதிப்பும் உண்டு. பள்ளத்தில் நிற்பவனுக்கு மரத்தூள்தான். கண்ணில் தூள், மூக்கில் தூள், குடிக்கிற கஞ்சியில் தூள். பலவேசனார் ஐம்பது வருசம் பள்ளத்தில் நின்றார்.

ஊர்ச் சாமிக்குக் கரைகண்டேசுவரர் என்று பெயர். வாளை இழுக்கும்போதெல்லாம் பலவேசனார் அந்தப் பெயரைச் சொல்லுவார். மேலே தள்ளும்போது 'கரை', கீழே இழுக்கும்போது 'கண்டா'. காலையில் தொடங்கினால் பொழுது சாய்கிற வரைக்கும் இதுதான். மேலே நின்று வாள் பிடிக்கும் மாசானத்துக்கு இது பெரிய வேடிக்கை.

"ஏ பலவேசம், சாமி பேரச் சொன்னா வாளு தானா அறுத்துருமோவே? கையையும் கொஞ்சம் அசையும்."

"அசைச்சுக்கிட்டுத்தானவே இருக்கேன். வாயி சும்மாத்தான கெடக்கு. அதுக்கும் ஒரு வேல வேண்டாமா?"

பள்ளத்தில் இறங்குமுன் கிடக்கும் மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். மன்னிப்புக் கேட்கிறார் என்று சிலர் நினைத்தார்கள். அப்படியில்லை. அவர் நன்றி சொன்னார். மரத்தை வெட்டவே கூடாது என்று பேசிக்கொண்டு திரிகிறவர்கள் உண்டு. அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் நிலையும் கதவும் கட்டிலும் எதில் செய்தது என்று தெரியும். பலவேசனார் அந்த வேசம் போடவில்லை. பிள்ளை படுக்கிற தொட்டில், உழுகிற கலப்பை, மாவு இடிக்கிற உலக்கை, மழைக்குத் தாங்குகிற உத்தரம், கடைசியில் எரிக்கிற விறகு என்று மனுசனைப் பிறந்ததிலிருந்து சுமப்பது மரம்தான் என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் தொட்டுக் கும்பிட்டார்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. கரைகண்டேசுவரர் கோயில் தேருக்கு எத்தனையோ மரம் அறுத்துக் கொடுத்திருக்கிறார். எல்லாம் கூலிக்கு அறுத்தது, யாரோ கொடுத்த மரம். தாம் விதை போட்டு, தாம் தண்ணீர் ஊற்றி, தம்முடையது என்று ஒரு மரத்தைத் தேருக்குக் கொடுக்க வேண்டும். தேர் அச்சுக்கு இலுப்பையைப் போல வேறு மரம் கிடையாது. ஆகவே இலுப்பை வைக்க வேண்டும்.

ஆனால் எங்கே வைப்பது? குடியிருந்த குடிசையே அடுத்தவர் இடம். வயல்காரர்களிடம் வரப்போரமாக ஒரு முழம் இடம் கேட்டார். நிழல் விழுந்தால் நெல் விளையாது என்றார்கள். கோயில் தோப்பில் கேட்டார். இன்றைக்கு மரம் வைப்பாய், நாளைக்கு இடம் என்னுடையது என்பாய் என்றார்கள். தேங்காய்ச் சிரட்டையில் முளைத்த கன்றைக் கையில் வைத்துக்கொண்டு அவர் ஆற்றங்கரை வழியாக வந்தபோது, சுடுகாடு காக்கும் வெள்ளையன் பார்த்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, கைப்பிள்ளையத் தூக்கிட்டு அலையுதீரு?"

பலவேசனார் சொன்னார்.

"இம்புட்டுத்தானா? இங்க வையும். இந்த எடத்துக்கு மட்டுந்தான் பட்டா கேட்டு ஒருத்தனும் வரமாட்டான். வந்தவனும் திரும்பிப் போகமாட்டான்."

இருவரும் சிரித்தார்கள். சுடுகாட்டுக் கிழக்கோரத்தில், எரிக்கிற மேட்டிலிருந்து இருபதடி தள்ளிக் குழி தோண்டி அந்தக் கன்றை வைத்தார்கள். அந்தச் சிரிப்பில் இருவருமே ஒரு விசயத்தை யோசிக்கவில்லை. அது பின்னால் வந்தது.

மரம் வைப்பதை எல்லோரும் பெருமையாகப் பேசுகிறார்கள். வைப்பது அரை நாழிகை வேலை. தண்ணீர் ஊற்றுவதுதான் பாடு. அந்த ஆற்றில் கோடையில் ஓடுகிற தண்ணீர் இருக்காது. மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். நாள் முழுவதும் பள்ளத்தில் நின்ற உடம்போடு பலவேசனார் பொழுதிறங்க ஒரு குடம் சுமந்தார். அவர் மனைவி வடிவம்மை இன்னொரு குடம் சுமந்தார். ஆடு கடிக்காமல் முள்வேலி போட்டார்கள். நாலு வருசம் ஒரு நாள் தவறவில்லை. சுடுகாட்டுக்குத் தினமும் போகிற புருசன் பெண்டாட்டியை ஊர் என்ன பேசுமோ அதைப் பேசியது. பேய் வளர்க்கிறார்கள் என்றது. பிள்ளையில்லாத கிறுக்கு என்றது. வடிவம்மை ஒரு தடவை அழுதார்.

"ஊருல உள்ளவ எல்லாம் என்னயக் கண்டா ஒதுங்குதா. தண்ணி எடுக்கப் போனாக்கூட வழிவிட்டு நிக்கா."

"வழிவிட்டா நல்லதுதான, வெரசாத் தண்ணி எடுத்துட்டு வரலாம்" என்றார் பலவேசனார். வடிவம்மைக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மரம் வளர்ந்தது. பத்துப் பன்னிரண்டு வருசத்தில் பூத்தது. பங்குனி மாதம் விடியற்காலையில் வெள்ளையாகக் கொட்டிக் கிடக்கும் பூ. ஒரு வருசம் மழை அடியோடு பொய்த்தது. அப்போது பேய் மரம் என்று சொன்ன வீட்டுப் பெண்களே முக்காடு போட்டுக்கொண்டு வந்து அந்தப் பூவைப் பொறுக்கிப் போனார்கள். காயவைத்து வறுத்து இடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். பலவேசனார் பார்த்தும் பார்க்காதவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாங்குகிறவர்களின் மானமும் அவருக்கு முக்கியம்.

பிறகு காய் பிடித்தது. கொட்டையைப் பொறுக்கி உடைத்துச் செக்கில் ஆட்டினார். அந்த எண்ணெயைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சாமி சன்னிதி விளக்குக்குக் கொடுத்தார். எங்கிருந்து என்று யாரும் கேட்கவில்லை. சும்மா வருகிற எண்ணெயை யார் கேட்பார்கள்? பதினெட்டு வருசம் அந்த விளக்கு அந்த எண்ணெயில் எரிந்தது.

அந்தப் பதினெட்டு வருசத்துக்குள் வடிவம்மை போய்ச் சேர்ந்தார். சித்திரை வெயிலில் எரித்தார்கள். மரம் வளருமுன்னெல்லாம் சுடுகாட்டுக்கு வந்தவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் வெந்துதான் நிற்பார்கள். அன்று ஊர் முழுவதும் இலுப்பை நிழலில் நின்றது. பலவேசனார் மரத்தில் கைவைத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் ஊத்துனோம். ஊரே நிழல்ல நிக்குதத ஒருத்தி பாக்காமப் போயிட்டா" என்று மட்டும் சொன்னார். மறுநாள் பள்ளத்தில் இறங்கிவிட்டார். 'கரைகண்டா' என்ற சத்தம் நிற்கவில்லை.

அவர் காத்திருந்த காலம் வந்தது. தேரின் முன்னச்சில் விரிசல் கண்டது. புது அச்சுக்கு இலுப்பை தேடினார்கள். பலவேசனார் தர்மகர்த்தா சங்கரபாகத்தின் முன்னால் போய், மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். தம்மிடம் ஒரு மரம் இருக்கிறது, சாமி எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். தேர் வேலை செய்யும் கொம்பையா ஆசாரி போய்ப் பார்த்தார். தட்டினார், முழக்கயிறு போட்டு அளந்தார். திரும்பி வந்து, "ரெண்டு பேரு கைகோத்தாத்தான் புடிக்க முடியும். கோணல் இல்ல, பொந்து இல்ல. இப்படி மரத்த நான் பாத்ததில்ல" என்றார்.

"எங்க நிக்கி?" என்றார் சங்கரபாகம்.

பலவேசனார்தான் பதில் சொன்னார். "சுடுகாட்டுக் கெழக்கால ஐயா."

தர்மகர்த்தா எழுந்துவிட்டார். "கோட்டி புடிச்சிருக்காவே உமக்கு? பொணம் எரியுத எடத்து மரத்துல சாமி ஏறுவாரா? சுடுகாட்டு மரம் பாடைக்குத்தாம்வே ஆகும், தேருக்கு ஆகாது." அப்போது அவருக்கு வேறொன்று உறைத்தது. "இரும். நீரு கொண்டாருத எண்ணெ?"

பலவேசனார் பொய் சொல்லியிருக்கலாம். வேறு மரத்து எண்ணெய் என்று ஒரு வார்த்தை போதும், அத்தோடு முடிந்திருக்கும். "அதுவும் அந்த மரந்தான் ஐயா" என்றார்.

அவ்வளவுதான். சன்னிதியைக் கழுவினார்கள். மந்திரம் சொல்லித் தண்ணீர் தெளித்தார்கள். பதினெட்டு வருசம் அந்த வெளிச்சத்தில் சாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள் அன்று மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இனி பலவேசம் எண்ணெய் கொண்டுவரக் கூடாது என்று சொல்லியாயிற்று. பூசை செய்யும் கல்யாணபட்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வாய் திறக்கவில்லை. தேருக்கு மலையிலிருந்து வேறு மரம் வந்தது.

வெள்ளையனுக்குப் பொறுக்கவில்லை. "தர்மகர்த்தா அவரு அம்மைய எரிச்ச அன்னைக்கு இந்த நெழலுலதான் ஒக்காந்து மோர் குடிச்சாரு. அன்னைக்கு இது பாட மரமில்லியாக்கும்? போயிக் கேட்டுட்டு வரட்டா அண்ணாச்சி?"

"வேண்டாம். ஊருதானவே வேண்டாம்ன்னுச்சு. சாமி இன்னும் ஒண்ணும் சொல்லலியே" என்றார் பலவேசனார். முப்பது வருசத்து ஆசை போனவர் பேசிய பேச்சு அது. அன்றிலிருந்து மரத்தடியிலேயே, கோயில் கோபுரம் தெரிகிற பக்கமாக ஓர் அகல் ஏற்றிவைத்தார். தினமும் சருகு கூட்டினார்.

இது நடந்த இரண்டாம் வருசம் கோயில் மண்டபத்துக்குப் பலகை வேண்டும் என்று ஆற்றங்கரை மருத மரங்களை எல்லாம் வெட்டினார்கள். பலகைக்குப் போக மிச்சம் செங்கல் சூளைக்குப் போயிற்று. ஊருக்குப் பெயர் கொடுத்த மரங்கள் அவை. பள்ளத்தில் நின்று அறுத்தவர் பலவேசனார். கூலி வேலை, மாட்டேன் என்று சொல்ல முடியாது. ஆனாலும் சங்கரபாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டார். "அறுக்க வேண்டாம்ன்னு சொல்லல ஐயா. அறுக்குத எடத்துல ஒரு கன்ன வச்சிட்டு அறுங்க. கரையப் புடிச்சு வச்சிருக்கதே இந்த வேருதான்."

மேலே நின்ற மாசானம் உரக்கச் சிரித்தார். "மரத்த அறுத்துச் சோறு திங்குதவரு மரத்துக்கு வக்காலத்து வாங்குதாரு ஐயா! சுடுகாட்டுல எடம் இருக்கு, அங்க போயி வைக்கச் சொல்லுங்க!"

கன்று யாரும் வைக்கவில்லை. ஆற்றங்கரை மொட்டையாயிற்று. ஊரிலிருந்து ஆறு வரைக்கும் ஒரு மைல் தூரத்துக்கு நின்றது இலுப்பை ஒன்றுதான். அதை ஏன் விட்டார்கள்? சுடுகாட்டுப் பலகை வீட்டுக்கு ஆகாது, சுடுகாட்டு விறகில் சூளை போட்டாலும் அந்தச் செங்கல்லை வாங்க ஆளில்லை. வேறு காரணம் கிடையாது.

அடுத்த வைகாசி விசாகம். கரைகண்டேசுவரர் அம்மனோடு சப்பரத்தில் ஆற்றுக்கு எழுந்தருளித் தீர்த்தமாடும் நாள். முன்பெல்லாம் மருத மர நிழலில் இறங்குவார். அந்த வருசம் மணலில் பனையோலைப் பந்தல் போட்டிருந்தார்கள். உச்சிப்பொழுது. தீர்த்தம் முடிந்து சாமியைப் பந்தலுக்குள் கொண்டுவந்து வைத்த நேரம், வேட்டுப் போட்டார்கள். ஒரு பொறி ஓலையில் விழுந்தது. காய்ந்த ஓலை, கண் மூடித் திறப்பதற்குள் பந்தல் முழுக்க நெருப்பு.

சப்பரம் சுமக்கிறவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஒருத்தரும் சாமியைப் போட்டுவிட்டு ஓடவில்லை. பதினாறு பேரும் தோளில் ஏற்றி வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். சனங்களும் தப்பிவிட்டார்கள். ஆனால் வெளியே வந்தபின் எங்கே போவது? மணல் வறுக்கிற சட்டியாக இருந்தது. வெறுங்கால்கள். வெட்டவெளி வெயிலில் சாமியை இறக்கக் கூடாது. கோயில் ஒரு மைல். குழந்தைகள் வீரிட்டன. முன்தண்டு பிடித்தவருக்கு முழங்கால் மடங்கியது. "கால் வெந்து போச்சு சாமி, இனி எட்டு வைக்க முடியாது" என்று அலறினார். சப்பரம் ஒரு பக்கம் சாய்ந்தது.

சங்கரபாகம், "விட்டுராதீய, கோயிலுக்குத் திரும்புங்க, கோயிலுக்குத் திரும்புங்க!" என்று கத்தினார். அவராலேயே நிற்க முடியாமல் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார்.

நூறு தப்படியில் இலுப்பை நின்றது. குடை விரித்ததுபோல நின்றது. எல்லோர் கண்ணும் அங்கேதான் இருந்தது, ஒரு வாயும் சொல்லவில்லை. சுடுகாட்டு மேட்டிலிருந்து வெள்ளையன் கையை வீசிக் கூப்பிட்டார். "எங்க வீட்டுல நெழலு கெடக்கு! சாமியக் கொண்டாங்க!"

"சுடுகாட்டுக்கா? தீட்டு!" என்றார் சங்கரபாகம்.

கல்யாணபட்டர் அதுவரைக்கும் சாமிக்குத் தம் மேல்வேட்டியை விரித்து வெயில் மறைத்துக்கொண்டிருந்தார். திரும்பினார். "ஓய், பரமேசுவரன் சுடலையில ஆடறவர். அன்னைக்கே சொல்லியிருக்கணும், நான் வாயை மூடிண்டிருந்தேன். அவர் அகத்துக்கு அவர் போறார், தீட்டு யாருக்கு ஓய்? தூக்குங்கோடா!"

தூக்கினார்கள். 'கரைகண்டா' என்று யார் முதலில் சொன்னார்களோ தெரியாது. எல்லோரும் சொன்னார்கள்.

அந்த நேரத்தில் பலவேசனார் மரத்தடியில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். எண்ணெய் கூடாது என்றபின் திருவிழாக் கூட்டத்தில் அவர் கலந்துகொள்வதில்லை, தூரத்தில் நின்று கும்பிடுவதோடு சரி. நிமிர்ந்து பார்த்தார். சாமி வந்துகொண்டிருந்தார். தம் மரத்துக்கு நேரே, அம்மனையும் கூட்டிக்கொண்டு, வியர்த்து விறுவிறுக்கப் பதினாறு பேர் தோளில் வந்துகொண்டிருந்தார். துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் பலவேசனார் நிழலை விட்டு வெளியே போய் வெயிலில் நின்றார். உள்ளே நிற்க அவர் துணியவில்லை. அவர் கூட்டிவைத்த இடத்தில் சப்பரத்தை இறக்கினார்கள்.

அந்த நிழலின் அருமையைப் பட்டவர்கள்தான் சொல்ல வேண்டும். முந்நூறு பேர் அதற்குள் அடங்கினார்கள். கால் வெந்தவர்கள் நிழல் மண்ணில் காலைப் புதைத்துக்கொண்டார்கள். ஆற்றுப் பக்கமிருந்து வந்த அனல் காற்று அந்த இலைகளுக்குள் நுழைந்து குளிர்ந்து வந்தது. அழுத குழந்தைகள் தூங்கிப்போயின. சங்கரபாகம் அடிமரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டார். எந்த மரம் என்று அப்போது அவருக்கு ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை. மாசானம், யாரும் கேட்காமலே, ஊற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தார்.

பட்டர் தீபாராதனை காட்டினார். பிறகு சுற்றிப் பார்த்து, "பலவேசம் எங்கே?" என்றார்.

வெள்ளையன் வெயிலில் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தார். பட்டர் சாமி கழுத்திலிருந்த மாலையைக் கழற்றினார். பலவேசனார் பதறிப்போனார்.

"எனக்கு எதுக்கு சாமி? மரத்துக்குப் போடுங்க. நான் தண்ணி ஊத்துனவன், அம்புட்டுத்தான்."

"மரத்துக்குச் சாமியே வந்தாச்சு. மாலை உமக்கு. குனியும்."

குனிந்தார். மாலை விழுந்தது. சாமிக்குச் சாத்திய பட்டுத் துணியை அவர் தலையில் பரிவட்டமாகக் கட்டினார். மருதக்கரையில் வயல்காரர்களுக்கே எளிதில் கிடைக்காத மரியாதை அது. பலவேசனார் சப்பரத்தைப் பார்த்துக் கைகூப்பி நின்றார். கண்ணில் நீர் வழிந்தது. பட்டருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"அச்சாக் குடுக்கணும்ன்னு முப்பது வருசமா நெனச்சேன் சாமி. அவரு, வெட்ட வேண்டாம், நிக்கபடியே குடுன்னு வாங்கிக்கிட்டாரு."

வெயில் தாழ்கிற வரைக்கும் கரைகண்டேசுவரர் சுடுகாட்டில்தான் இருந்தார். அதன்பிறகே கோயிலுக்குப் புறப்பட்டார். கிளம்பும்போது சங்கரபாகம் பலவேசனார் பக்கத்தில் வந்து நின்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவருக்கு அது வராது. "கரையில மறுபடி மருதம் வைக்கணும். எந்த மாசம் வச்சா புடிக்கும்?" என்றார்.

"ஆடி கழிஞ்சு, மழைக்கு முன்ன வைங்க ஐயா. எத்தன கன்னுன்னு பாக்காதீய. ஊத்த எத்தன ஆளுன்னு பாத்துட்டு வைங்க."

அந்த வருசமே கன்று வைத்தார்கள். ஊர் முழுவதும் திருந்திவிட்டது என்று எழுதினால் பொய். கோயில் விளக்குக்கு அந்த எண்ணெயைப் பிறகும் யாரும் கேட்கவில்லை, அவரும் கொண்டுபோகவில்லை. பாதிக் கன்றை ஆடு தின்றது. மீதிப் பாதி பிழைத்ததற்குக் காரணம், பள்ளத்து வேலை முடிந்து பொழுதிறங்க ஒரு குடத்தோடு கரைக்குப் போன பலவேசனார்தான். இந்தத் தடவை இன்னொரு குடத்தை மாசானம் சுமந்தார். விசாகத்துக்கு விசாகம் சாமி இலுப்பையடியில் ஒரு நாழிகை இறங்கிப் போவது அன்றிலிருந்து வழக்கமாயிற்று.

ஏழு வருசம் கழித்து, ஒரு கார்த்திகை மாதத்தில், அறுப்புப் பள்ளத்திலிருந்து ஏறிவந்து, உடம்பிலிருந்த தூளைத் தட்டிவிட்டு உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே இறைவன் அடி சேர்ந்தார். கடைசி மூச்சிலும் அந்தப் பெயர்தான் இருந்தது என்று பக்கத்தில் நின்ற மாசானம் சொன்னார். கேலி பேசிப் பழகியவரானாலும் அன்று அவர் அழுதுகொண்டே சொன்னார். அதனால் நம்பலாம்.

மரம் அறுத்த கூலியில் வயிற்றைக் கழுவி, மரம் வைத்து ஆண்டவனுக்கே நிழல் கொடுத்த பலவேசனார் திருவடிக்கு நம் கும்பிடு. வெயிலுக்கு ஒதுங்கி ஒரு மரத்தடியில் நிற்கிற ஒவ்வொருவரும், பெயர் தெரியாத அப்படியோர் அடியாரின் அன்பில்தான் நிற்கிறோம்.